தோட்டத்தில் மரம் எண்ணும் சில்லு, போர்க்களத்தில் இலக்கைத் தேடுகிறது

2025ஆம் ஆண்டு ஜூன் மாதம், உக்ரேன் ராணுவ உளவுத்துறை ஒரு ரஷ்ய டிரோனின் பாகங்களைப் பிரித்து உலகுக்குக் காட்டியது. வி2யூ என்று பெயரிடப்பட்ட அந்தச் சிறிய தாக்குதல் டிரோன், தன் இலக்கைத் தானே தேடிக் கண்டுபிடிக்கக்கூடியது என்று அத்துறை கூறியது. அதற்குள் இருந்த கணினி, சீனத் தயாரிப்பான ஒரு சிறு பலகை. அந்தப் பலகையின் நடுவில் இருந்தது, அமெரிக்காவின் என்விடியா நிறுவனம் வடிவமைத்த ஜெட்சன் ஓரின் செயலி.

இது ராணுவ ரகசியத் தயாரிப்பல்ல. ரோபோ, கண்காணிப்புக் கேமரா, தொழிற்சாலைச் சோதனை இயந்திரம் ஆகியவற்றுக்காக விற்கப்படும் பொருள். ஏறத்தாழ 7 செண்டிமீட்டர் நீளம், நாலரை செண்டிமீட்டர் அகலம். இதே வரிசையில் ஆகக் குறைந்த ரகமான ஓரின் நானோ பயிற்சித் தொகுப்பின் விலையை 2024 டிசம்பரில் என்விடியா 249 அமெரிக்க டாலராகக் குறைத்தது. மாணவர்களும் பொழுதுபோக்காக ரோபோ செய்பவர்களும் வாங்கட்டும் என்பதே நோக்கம். 2022இல் உக்ரேன் போர் தொடங்கியதும் ரஷ்யாவுக்கான விற்பனையை அந்த நிறுவனம் நிறுத்திவிட்டது. ஆனாலும் பொருள் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஐரோப்பாவில் நடக்கும் சண்டைக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். மலேசியாவின் செம்பனைத் தோட்டங்களுக்கு மேல் இன்று டிரோன்கள் பறக்கின்றன. மருந்து தெளிக்கின்றன, மேலிருந்து படம் பிடிக்கின்றன, எத்தனை மரம் நிற்கிறது, எது நோயில் வாடுகிறது என்று கணக்கெடுக்க உதவுகின்றன. படத்தில் செம்பனையின் தலையைக் கண்டுபிடிக்கும் வேலையும் படத்தில் பீரங்கி வண்டியைக் கண்டுபிடிக்கும் வேலையும் அடிப்படையில் ஒன்றுதான். இரண்டையும் ஒரே வகைச் செயலி செய்ய முடியும். மாறுவது அதில் ஏற்றப்படும் நிரல் மட்டுமே. இன்று உலக நாடுகளை உறங்கவிடாமல் செய்யும் சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

மண்டோரின் கண்ணும் இயந்திரத்தின் கண்ணும்

குலை பழுத்துவிட்டதா என்று அனுபவமுள்ள மண்டோர் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். நிறம், உதிரிப் பழம், மட்டையின் நிலை எல்லாம் அவர் கண்ணுக்குள் ஒன்றாகச் சேர்ந்து விடை தருகின்றன. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் அவரால் முழுதாக விளக்க முடியாது. பல ஆண்டுகள் பல ஆயிரம் குலைகளைப் பார்த்ததன் பலன் அது.

இலக்கை அடையாளம் காணும் நிரலும் இப்படித்தான் பழக்கப்படுகிறது. ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டி, "இது பீரங்கி வண்டி, இது லாரி, இது வீடு" என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். பழகி முடித்த பிறகு புதிய படம் ஒன்றைக் கொடுத்தால், அதில் எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்பதை அது ஒரு மதிப்பெண்ணோடு சொல்லும். "இது பீரங்கி வண்டி, 80 விழுக்காடு" என்பதுபோல. இந்த மதிப்பெண் மிக முக்கியமானது. கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் இதற்கு வர வேண்டியிருக்கும்.

மண்டோருக்கு ஒரு நொடியில் முடிகிற வேலை, இயந்திரத்துக்கு எளிதல்ல. கேமரா படம் என்பது இயந்திரத்துக்கு வெறும் எண்களின் கூட்டம். நீளத்திலும் அகலத்திலும் 640 புள்ளிகள் கொண்ட சிறிய படத்தில்கூட 4 லட்சத்துக்கும் அதிகமான புள்ளிகள் உண்டு. இன்று பரவலாகப் பயன்படும் சிறிய ரக நிரல் ஒன்று, அத்தகைய ஒரு படத்தை ஆராய ஏறத்தாழ 800 முதல் 900 கோடி கூட்டல், பெருக்கல் கணக்குகளைப் போட வேண்டியிருக்கிறது. ஒரு விநாடிக்கு 30 படங்கள் என்றால், அதைப்போல் 30 மடங்கு.

வேகம் ஏன் அவ்வளவு முக்கியம்? மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் டிரோன், ஒரு விநாடியில் ஏறத்தாழ 28 மீட்டர் நகர்ந்துவிடும். விடை ஒரு விநாடி தாமதமானால், டிரோன் பார்த்த இடம் வேறு, இருக்கும் இடம் வேறு. அதனால்தான் படம் வந்த கணமே விடையும் வர வேண்டும். படத்தை எங்கோ இருக்கும் பெரிய கணினிக்கு அனுப்பி விடை வாங்கலாமே என்றால், போர்க்களத்தில் அது நடப்பதில்லை. எதிரி வானொலி அலைகளைக் குழப்பிவிடுவான். ஆகவே மூளை டிரோனுக்குள்ளேயே இருந்தாக வேண்டும்.

நிரை பிரித்துக் கொடுத்த கதை

இங்கேதான் செயலியை வடிவமைப்பவர்களின் சவால் தொடங்குகிறது. டிரோனில் பேட்டரி சிறியது, இடம் குறைவு, காற்றாடி வைத்துக் குளிரூட்ட வசதியில்லை. வீட்டில் எரியும் ஒன்றிரண்டு எல்.இ.டி. விளக்குகளுக்குத் தேவையான மின்சாரத்தில், ஒரு காலத்து மகா கணினியின் வேலையைச் செய்ய வேண்டும்.

பழைய ரப்பர் தோட்டத்தை நினைத்துக்கொண்டால் இதன் சூட்சுமம் புரியும். ஒரே ஒரு கெட்டிக்கார ஆள், எவ்வளவு வேகமாக ஓடினாலும் தோட்டம் முழுவதையும் காலைக்குள் வெட்டி முடிக்க முடியாது. ஆளுக்கொரு நிரை என்று பிரித்துக் கொடுத்தால் ஒரே நேரத்தில் எல்லா மரமும் வெட்டப்பட்டுவிடும். வழக்கமான கணினிச் செயலி அந்தக் கெட்டிக்கார ஒற்றை ஆள். ஜிபியூ எனப்படும் கிராபிக்ஸ் செயலி, ஆயிரம் பேருக்கு நிரை பிரித்துக் கொடுக்கும் தோட்டம். படத்தின் புள்ளிகளை ஆராய்வது ஒரே மாதிரியான வேலை என்பதால், பிரித்துக் கொடுக்க மிகவும் ஏற்றது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பால் வெட்டுவதைவிட, பாலைச் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோவதுதான் களைப்பு. செயலியிலும் அப்படியே. எண்களைப் பெருக்குவதற்கு ஆகும் மின்சாரத்தைவிட, நினைவகத்திலிருந்து அந்த எண்களை எடுத்து வருவதற்குப் பல மடங்கு மின்சாரம் செலவாகிறது. அதனால் நல்ல வடிவமைப்பாளர்கள், நினைவகத்தைக் கணக்குப் போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே வைக்கிறார்கள். எடுத்து வந்த எண்ணைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். எண்களையும் சுருக்கிக்கொள்கிறார்கள். அடையாளம் காண்பதற்கு மிகத் துல்லியமான நீண்ட எண்கள் தேவையில்லை, 8 இலக்க இரும எண்கள் போதும் என்று கண்டுபிடித்தது பெரிய திருப்பம். என்விடியாவின் கணக்குப்படி, ஓரின் நானோ 25 வாட் மின்சாரத்தில் விநாடிக்கு 67 டிரில்லியன் கணக்குகள் வரை போடும். அது இப்படிப்பட்ட சிறு எண்களைக் கொண்ட கணக்கு.

ராணுவத்திலிருந்து விளையாட்டுக்கு, விளையாட்டிலிருந்து ராணுவத்துக்கு

இயந்திரத்துக்குப் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் ஆசை புதிதல்ல. 1950களின் இறுதியில் பிராங்க் ரோசன்பிளாட் என்ற அமெரிக்க ஆய்வாளர் உருவாக்கிய பெர்செப்டிரான் இயந்திரத்துக்கு 400 ஒளி உணரிகள்தான் கண். அதற்குப் பணம் கொடுத்தது அமெரிக்கக் கடற்படையின் ஆய்வு அலுவலகம்.

1991 வளைகுடாப் போரில் பாய்ந்த டொமாஹாக் ஏவுகணைகள், கீழே தெரியும் நிலத்தைக் கேமராவில் படமெடுத்து, முன்பே பதிந்துவைத்த படத்தோடு ஒப்பிட்டுப் பாதையைச் சரிசெய்துகொண்டன. ஆனால் அது நிற்கும் கட்டடத்துக்குத்தான் சரிவரும். ஓடும் வண்டியைத் தேடிப் பிடிக்க அந்த முறை உதவாது.

அமெரிக்கத் தற்காப்புத் துறை 1980இல் மிக வேக மின்சில்லுத் திட்டத்தைத் தொடங்கியது. 1983இல் அதன் ஆய்வு அமைப்பான டார்பா, செயற்கை நுண்ணறிவுக்கென வியூகக் கணினித் திட்டத்தை அறிவித்தது. பத்தாண்டுகளில் ஏறத்தாழ 100 கோடி டாலர் செலவானது. தானே பாதை பார்த்து ஓடும் வண்டி அதன் ஒரு பகுதி. 1985இல் முதல் சோதனையில் அந்த வண்டி, ஆள் நடப்பதைவிட மெதுவாகத்தான் நகர்ந்தது. கணினி பெரிதாக இருந்தது, வேகம் போதவில்லை.

அதே 1985இல் சிலிங்ஸ் என்ற நிறுவனம், தொழிற்சாலையிலிருந்து வெளியான பிறகும் உட்புற இணைப்புகளை மாற்றியமைக்கக்கூடிய முதல் வணிகச் சில்லைக் கொண்டுவந்தது. எஃப்.பி.ஜி.ஏ. என்று அழைக்கப்படும் இவ்வகைச் சில்லுகள் ராணுவ மின்னியலில் பெரும் இடம் பிடித்தன. காரணம் எளிது. ஒரே வேலைக்கென்று வார்த்த சில்லு மிக வேகமானது, மின்சாரமும் குறைவு. ஆனால் எதிரி வண்டியின் உருவத்தை மாற்றினால், அந்தச் சில்லு குப்பைக்குத்தான். புதிதாக ஒன்றை வடிவமைத்து வார்க்க ஆண்டுக்கணக்கில் ஆகும். மாற்றி எழுதக்கூடிய சில்லு என்றால், கொஞ்சம் மின்சாரம் கூடுதலாகக் குடித்தாலும் புதிய நிரலை ஏற்றிவிட்டால் போதும். போரில் வலை போர்த்துவதும், இரும்புக் கூண்டு கட்டுவதும், பொய் வண்டி நிறுத்துவதும் வாரத்துக்கு வாரம் மாறுகிற சங்கதி. எனவே நிரலை மாற்றும் வசதி போரில் வாழ்வா சாவா என்பதைத் தீர்மானிக்கிறது.

கடைசித் திருப்பம் ராணுவத்திலிருந்து வரவில்லை. கணினி விளையாட்டுப் பிரியர்களுக்காகச் செய்யப்பட்ட ஜிபியூ சில்லுகளை மற்ற கணக்குகளுக்கும் பயன்படுத்தும் வழியை என்விடியா 2000களின் நடுவில் திறந்துவிட்டது. 2012இல் கனடாவின் டொரோண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கடையில் கிடைக்கும் இரண்டு விளையாட்டு கிராபிக்ஸ் அட்டைகளைக் கொண்டு படம் அறியும் போட்டியில் எல்லாரையும் பின்னுக்குத் தள்ளினர். அன்று முதல் பணமும் மூளையும் வணிகத் துறைக்குப் பாய்ந்தன. முன்பெல்லாம் ராணுவம் கண்டுபிடித்ததைப் பொதுமக்கள் பிறகு பயன்படுத்தினார்கள். இன்று பொதுமக்களின் சந்தையிலிருந்து ராணுவம் எடுத்துக்கொள்கிறது.

உக்ரேன் கற்றுத்தந்த பாடம்

உக்ரேன் போரின் தொடக்கத்தில், டிரோனைத் தூரத்திலிருந்து ஆள் ஓட்டினார். இரு தரப்பும் அலைக்குழப்பிகளைக் குவித்ததும், இலக்கை நெருங்கும் கடைசிக் கட்டத்தில் தொடர்பு அறுந்துபோனது. அந்தக் கடைசித் தூரத்தை டிரோன் தானே கடக்கட்டும் என்ற எண்ணம் அப்படிப் பிறந்தது. ஆள் இலக்கைக் காட்டுவார், செயலி அதைப் பிடித்துக்கொள்ளும், தொடர்பு அறுந்தாலும் விடாது. சிலர் கண்ணாடி இழைக் கம்பியை டிரோனோடு இழுத்துக்கொண்டு பறக்கவிட்டு வேறு வழியில் அதே சிக்கலைத் தீர்த்தார்கள்.

2025 ஜூன் 1ஆம் தேதி, லாரிகளில் மறைத்துக் கொண்டுபோன 117 டிரோன்களை ஏவி ரஷ்யாவின் உட்பகுதி விமானத் தளங்களைத் தாக்கியதாக உக்ரேன் பாதுகாப்புச் சேவை அறிவித்தது. தொடர்பு அறுந்தபோது சில டிரோன்கள் செயற்கை நுண்ணறிவின் உதவியோடு இலக்கை நோக்கிப் போனதாகவும் அது கூறியது. ரஷ்யாவின் லான்செட் டிரோன்களிலும் ஜெட்சன் வகைச் செயலியைக் கண்டதாக உக்ரேன் தரப்பு முன்பே சொல்லியிருந்தது. ஆக, இரு பக்கமும் ஒரே சந்தையில்தான் பொருள் வாங்குகின்றன.

ஆள் காட்டிய இலக்கைப் பிடித்துக்கொள்வது ஒரு படி. இலக்கையே இயந்திரம் தேர்ந்தெடுப்பது அடுத்த படி. இரண்டுக்கும் இடையில் செயலியில் பெரிய வேறுபாடு இல்லை. நிரலில் சில வரிகள் மாறினால் போதும். வெளியிலிருந்து டிரோனைப் பார்க்கும் எவராலும், எந்தப் படியில் அது இயங்குகிறது என்று சொல்ல முடியாது.

இதற்கிடையே, இயந்திரத்தின் கண் இன்னும் ஏமாறுகிறது. 1990களில் டார்பாவும் அமெரிக்க விமானப் படையும் டி-72 டாங்கி முதலான வாகனங்களின் ராடார் படங்களை ஆயிரக்கணக்கில் சேகரித்தன. அந்தத் தொகுப்பில் சோதித்தபோது நிரல்கள் மிக நன்றாக அடையாளம் கண்டன. பார்க்கும் கோணம் மாறினால், பாதி மறைந்திருந்தால், வேறு சூழல் என்றால் தேர்ச்சி சரிந்தது. இன்றைய நிரல்கள் அதைவிடப் பல மடங்கு மேம்பட்டவை. ஆனாலும் பயிற்சியில் பார்க்காததைக் கண்டால் தடுமாறும் குணம் போகவில்லை. உக்ரேனில் இரு தரப்பும் மரத்தாலும் காற்றடைத்த துணியாலும் செய்த பொய் ஆயுதங்களை நிறுத்திவைப்பது இதை அறிந்துதான்.

எம்எச்17 சொல்லும் சாட்சி

தவறான அடையாளம் என்றால் என்ன விலை என்பதை மலேசியர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2014 ஜூலை 17ஆம் தேதி ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்கு வந்துகொண்டிருந்த எம்எச்17 விமானம், கிழக்கு உக்ரேனில் பக் ரக ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது. 298 பேர் மாண்டனர். அவர்களில் 43 பேர் மலேசியர்கள்.

2022 நவம்பரில் நெதர்லாந்து நீதிமன்றம் மூவரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்து ஆயுள் தண்டனை விதித்தது. ராணுவ விமானம் என்று நினைத்துச் சுட்டிருந்தாலும் குற்றம் குற்றமே என்பது அந்த நீதிமன்றத்தின் நிலை. 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், இந்தச் சம்பவத்துக்கு ரஷ்யா பொறுப்பு என்று கூறியது. இலக்கு ராணுவ விமானம்தானா என்பதை உறுதிசெய்யத் தேவையான நடவடிக்கைகள் எடுக்கப்படவில்லை என்பது அதன் முக்கியக் கண்டனங்களில் ஒன்று.

அந்த ஏவுகணையை ஏவியவர்கள் மனிதர்கள். அங்கே செயற்கை நுண்ணறிவு இல்லை. பக் ஏவுகணை வண்டி வழக்கமாகத் தனி ராடார் வண்டியோடும் கட்டளை வண்டியோடும் சேர்ந்து இயங்க வேண்டியது. அன்று அது தனியாக நின்றது. குறைந்த தகவலோடு, உறுதியில்லாத அடையாளத்தோடு, விசையை அழுத்திய கதை அது.

அதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது. 1988 ஜூலை 3ஆம் தேதி அமெரிக்காவின் வின்சென்ஸ் போர்க்கப்பல், ஈரானியப் பயணிகள் விமானத்தைப் போர் விமானம் என்று எண்ணிச் சுட்டது. 290 பேர் இறந்தனர். விமானம் மேலேறுகிறது என்று கப்பலின் கணினி சரியாகவே காட்டியது. பதற்றத்தில் இருந்தவர்கள், அது இறங்கி வருகிறது என்று அறிவித்தார்கள். 2003இல் ஈராக் போரில் நேர்மாறாக நடந்தது. அமெரிக்காவின் பேட்ரியாட் ஏவுகணை அமைப்பு, பிரிட்டிஷ் டொர்னாடோ விமானத்தை எதிரி ஏவுகணை என்று வகைப்படுத்தியது. யோசிக்க நொடிகளே இருந்த இயக்குநர்கள் இயந்திரத்தை நம்பினார்கள். இரண்டு விமானிகள் இறந்தனர்.

ஒரு முறை இயந்திரம் சரி, மனிதர் தவறு. மறுமுறை இயந்திரம் தவறு, மனிதர் அதை நம்பிவிட்டார். மனிதர் ஒருவர் நடுவில் இருந்தாலே போதும் என்ற வாதம் இதனால் நிற்பதில்லை. அவருக்கு யோசிக்க நேரமும், சந்தேகப்பட உரிமையும், நிறுத்த அதிகாரமும் இருக்க வேண்டும்.

இங்கேதான் முன்பு சொன்ன மதிப்பெண் திரும்ப வருகிறது. 80 விழுக்காடு என்றால் தாக்கலாமா, 95 வேண்டுமா? அந்த எல்லையைத் தாழ்த்தினால் அப்பாவி வாகனங்களும் மாட்டும். உயர்த்தினால் உண்மையான எதிரி தப்புவான். செம்பனைத் தோட்டத்தில் எல்லையைத் தவறாக வைத்தால் மர எண்ணிக்கையில் பிசகு வரும், மறுபடி எண்ணிக்கொள்ளலாம். போர்க்களத்தில் பிசகுக்கு மறு எண்ணிக்கை கிடையாது. 1977ஆம் ஆண்டின் ஜெனிவா கூடுதல் நெறிமுறை, ஒருவர் பொதுமகனா போராளியா என்ற சந்தேகம் எழுந்தால் பொதுமகனாகவே கருத வேண்டும் என்கிறது. சந்தேகம் என்ற அந்தச் சொல்லை, எந்த விழுக்காட்டில் நிரலுக்குள் எழுதுவது? எழுதியவர் யார் என்று பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது?

பினாங்கு இதில் எங்கே நிற்கிறது

உலகின் சில்லுகளைச் சோதித்து, பொதிந்து அனுப்பும் வேலையில் ஏறத்தாழ 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது. இன்டெல் நிறுவனம் 1972இல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைப் பினாங்கில்தான் தொடங்கியது. மாற்றி எழுதக்கூடிய சில்லுகளில் உலகப் பெயர் பெற்ற அல்தெரா நிறுவனத்தின் பெரிய பொறியியல் மையமும் பினாங்கிலேயே இருக்கிறது. தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு பாயான் லெப்பாசுக்கும் பிறைக்கும் கூலிமுக்கும் தொழிற்சாலைப் பேருந்து ஏறிய குடும்பங்களில் தமிழர்கள் நிறைய பேர். இன்று அவர்களின் பிள்ளைகள் அதே இடங்களில் தொழில்நுட்பராகவும் பொறியியலாளராகவும் இருக்கிறார்கள்.

2024 மே மாதம் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் தேசிய செமிகண்டக்டர் வியூகத் திட்டத்தை அறிவித்தார். 500 பில்லியன் ரிங்கிட் முதலீடு, 60,000 பொறியியலாளர்கள் என்பது இலக்கு. பொதிவதோடு நிற்காமல் சில்லுகளை வடிவமைக்கும் நாடாக வேண்டும் என்பது நோக்கம். வடிவமைக்கும் இடத்துக்கு ஏறினால் சம்பளம் ஏறும். கூடவே, அந்தச் சில்லு யார் கையில் போய்ச் சேருகிறது என்ற கேள்வியும் நாட்டின் வாசலுக்கு வரும்.

அந்தக் கேள்வி ஏற்கெனவே வந்துவிட்டது. 2025 பிப்ரவரியில் சிங்கப்பூரில் மூவர் மீது மோசடிக் குற்றம் சாட்டப்பட்டது. என்விடியா சில்லுகள் இருந்திருக்கக்கூடிய கணினிச் சேவையகங்கள் அங்கிருந்து மலேசியாவுக்கு அனுப்பப்பட்டதாகச் சிங்கப்பூர் அமைச்சர் கா. சண்முகம் தெரிவித்தார். 2025 ஜூலை 14ஆம் தேதி மலேசியாவின் முதலீட்டு, வர்த்தக, தொழில் அமைச்சு புதிய விதியை அறிவித்தது. அமெரிக்காவில் தோன்றிய உயர்திறன் செயற்கை நுண்ணறிவுச் சில்லுகளை ஏற்றுமதி செய்யவோ, மலேசியா வழியாக வேறு நாட்டுக்குக் கடத்தி அனுப்பவோ அனுமதி வேண்டும், 30 நாளுக்கு முன்பே தெரிவிக்க வேண்டும் என்பது அந்த விதி. அதற்கு அடிப்படை 2010ஆம் ஆண்டின் வியூக வர்த்தகச் சட்டம்.

இந்த விதி தேவையானதே. ஆனால் அது குறிவைப்பது தரவு மையங்களில் வைக்கும் மாபெரும் சில்லுகளை. 25 வாட்டில் இயங்கி, டிரோனின் வயிற்றுக்குள் அடங்கும் சிறு சில்லு அந்த வலையின் கண்ணிகளுக்குள் எளிதாக நழுவிவிடும். அதையும் தடுக்கப் புறப்பட்டால் தொழிற்சாலைக் கேமராவும், மருத்துவக் கருவியும், தோட்டத்து டிரோனும் சேர்ந்து முடங்கும். சிறு வணிகர்களும் ஏற்றுமதித் தொழிலாளர்களும்தான் முதலில் பாதிக்கப்படுவார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே பாதை காண்பது எளிதல்ல. எந்தப் பொருளை விற்கிறோம் என்பதைவிட யாருக்கு விற்கிறோம், அவர் அதை எங்கே கொண்டுபோகிறார் என்பதைத் தொடர்ந்து பார்க்கும் பழக்கம்தான் ஓரளவாவது கைகொடுக்கும். பெயர்ப்பலகை மட்டும் உள்ள நிறுவனம் ஒன்று திடீரென ஆயிரக்கணக்கில் பலகை கேட்டால் கேள்வி எழுப்ப வேண்டியது சுங்கத்துறை மட்டுமல்ல, விற்பவரும்தான்.

ஐநாவில் எழும் குரல்

2024 டிசம்பரில் ஐநா பொதுச் சபையில் தன்னியக்க ஆயுதங்கள் பற்றிய தீர்மானத்துக்கு 166 நாடுகள் ஆதரவளித்தன. ரஷ்யா, வடகொரியா, பெலாருஸ் ஆகிய மூன்று மட்டும் எதிர்த்தன. மனிதக் கட்டுப்பாடு இல்லாமல் உயிரைப் பறிக்கும் ஆயுதங்களைத் தடைசெய்யும் ஒப்பந்தம் 2026க்குள் வேண்டும் என்று ஐநா தலைமைச் செயலாளர் அந்தோனியோ குட்டெரெஸ் கேட்டுக்கொண்டார். வல்லரசுகள் தயங்குகின்றன. எதிரி வைத்திருக்கும்போது நாம் கைவிடுவதா என்பது அவர்களின் வாதம்.

அணுகுண்டைக் கட்டுப்படுத்த உலகம் பின்பற்றிய வழி இங்கே பொருந்தாது. யுரேனியத்தை எண்ணலாம், எடைபோடலாம், ஆலையைப் படமெடுக்கலாம். நிரலை எடைபோட முடியாது. காலையில் மரம் எண்ணிய செயலி, மாலையில் வேறு நிரலோடு வேறு வேலைக்குப் போகலாம். ஆகவே ஒப்பந்தம் ஒன்று வருமானால் அது சில்லைப் பற்றியதாக மட்டும் இருக்க முடியாது. தாக்கும் முடிவை யார் எடுத்தார், எந்த மதிப்பெண்ணில் எடுத்தார், எந்தப் படத்தைப் பார்த்து எடுத்தார் என்பதை ஆயுதம் தானே பதிந்துவைக்க வேண்டும் என்று அது கட்டளையிட வேண்டும். விமானத்தில் கறுப்புப் பெட்டி கட்டாயம் என்றால், தானாக இலக்கைத் தேடும் ஆயுதத்துக்கும் அப்படி ஒன்று ஏன் கூடாது? அத்தகைய பதிவை எழுதும் திறனும் நினைவகமும் இன்றைய சிறு செயலிகளுக்கு உண்டு. இல்லாதது அரசுகளின் மனம்தான்.

எம்எச்17 குடும்பங்கள், யார் பொறுப்பு என்ற ஒரு கேள்விக்கு அனைத்துலக நீதிமன்றத்தின் பதிலைப் பெற 11 ஆண்டுகள் காத்திருந்தன. ஏவியவர்கள் மனிதர்கள் என்பதால்தான், ஏவுகணை வண்டி வந்த பாதையையும் தொலைபேசி உரையாடல்களையும் பின்தொடர்ந்து அந்தப் பதிலைத் தேட முடிந்தது. அடுத்த முறை விசையை அழுத்தியது ஒரு நிரல் என்றால், கேட்கத் தொலைபேசி உரையாடல்கூட இருக்காது. வல்லரசுகள் தயங்கினாலும், 43 பேரைப் பறிகொடுத்த நாடு, சில்லுகளைத் தன் கையால் பொதிந்து உலகுக்கு அனுப்பும் நாடு, இந்தப் பதிவு வேண்டும் என்று ஐநாவில் உரக்கக் கேட்பதற்கு எல்லா நியாயமும் உண்டு.